அடைக்கோழியா, தெர்மாகோல் பெட்டியா, ஆட்டோமேட்டிக் இன்குபேட்டரா? வீட்டில் முட்டை பொரிக்க எது யாருக்கு?

"எந்த இன்குபேட்டர் வாங்கலாம்?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பொரிந்த குஞ்சுகளை 22ஆம் நாள் எங்கே விடப்போகிறீர்கள்? பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பொரிப்பது 21 நாள் வேலை. குஞ்சைத் தேற்றி விடுவது இரண்டு மாத வேலை. கடையில் மெஷினைப் பார்க்கும்போது முதல் வேலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

நான் இருப்பது திண்டுக்கல் பக்கம். ஆறு பேட்டுக்கோழியில் தொடங்கி இப்போது இருபதுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கிறேன், பெரும்பாலும் சிறுவிடை என்ற சிறிய நாட்டு ரகம். அடைக்கோழியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தெர்மாகோல் பெட்டியில் நானே செய்து ஒரு ஈடு முழுக்கக் கெடுத்தும் இருக்கிறேன். 48 முட்டை மெஷின் ஒன்று இப்போது வீட்டில் ஓடுகிறது. ஒருமுறை கூலிக்குக் கொடுத்தும் பொரித்தேன். கீழே சொல்வதில் பாதி அந்தப் பாடு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, வருஷத்துக்கு எத்தனை குஞ்சு வேண்டும் என்பது. நாட்டுக்கோழி ஒரு முறைக்கு 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். அப்புறம் 21 நாள் அடை, அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு சுற்றும். அதுவரை முட்டை கிடையாது. வருஷத்துக்கு 60, 70 முட்டை என்பதே இதனால்தான். முட்டையை எடுத்து மெஷினில் வைத்து, கோழியின் அடையைத் தெளிய வைத்தால், அதாவது அடை உட்காரும் எண்ணத்தைக் கலைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். மெஷினின் உண்மையான லாபம் இதுதான். மெஷின் கோழியைவிட நன்றாகப் பொரிக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். அது கோழியை அடைவேலையிலிருந்து விடுவிக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பி இரவு ஏழு மணிக்கு வரும் வீட்டில் கையால் திருப்பும் பெட்டி சரிப்படாது.

மூன்றாவது, கரெண்ட். எப்போதாவது பத்து நிமிஷம் போய் வருவது பிரச்சினை இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு எடுத்துவிட்டுப் பிற்பகலிலோ மாலையிலோ கொடுப்பார்களே, அதுதான் கணக்கு.

நான்காவது, உங்கள் ஊர்க் காற்று. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் பொரிப்பு விழுவதற்குப் பெரிய காரணம் இது. பெட்டிப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஐந்தாவது, மேலே கேட்ட கேள்வி: 22ஆம் நாள்.

## அடைக்கோழி

எங்கள் அப்பத்தா காலத்தில் இதற்கு ஒரு முறத்தளவு சாமான்தான். அகலக் கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல், முட்டைகளோடு ஒரு கரித்துண்டு, ஓர் இரும்புத் துண்டு, சில வீட்டில் ஒரு மிளகாய் வற்றலும். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், கரியும் இரும்பும் அதைத் தாங்கும் என்பது நம்பிக்கை. நான் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டவன்தான். இப்போது இடி இடித்தால் எங்கள் ஊரில் உடனே கரெண்ட் போகிறது, மெஷினில் இருக்கும் முட்டையை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்பத்தா சொன்னது வேறு வழியில் பலித்துவிட்டது.

ஒரு சிறுவிடை 10, 12 முட்டையைத் தாராளமாக மூடும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும். சூடு, ஈரம், திருப்புதல் மூன்றையும் கோழியே பார்த்துக்கொள்ளும். தினமும் ஒருமுறை இறங்கி, தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டு திரும்ப வரும். அந்த அரை மணி நேரம் முட்டை குளிர்வது இயற்கையானதுதான், பதற வேண்டாம்.

நல்ல கருமுட்டையாக வைத்து, கோழியும் அனுபவமுள்ளதாக இருந்தால், பத்தில் எட்டு ஒன்பது பொரிவதை நான் சாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். மெஷின் வைத்த முதல் வருஷம் எந்த ஈட்டிலும் அந்த அளவை நான் தொடவில்லை.

ஆனால் பெரிய சேமிப்பு பொரிந்த பிறகுதான். குஞ்சுக்குப் பல்பு வேண்டாம், கரெண்ட் வேண்டாம். கிளறித் தின்னக் கோழி சொல்லிக் கொடுக்கும். மேலே பருந்து வந்தால் அது போடும் ஒரு சத்தத்துக்குக் குஞ்சுகள் செடிக்கடியில் மறையும். மெஷின் குஞ்சுக்கு இந்தப் பாடம் நடத்த ஆள் இல்லை. வெளியே விட்ட முதல் வாரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவு என்ன?

கோழியைக் கடிக்கும் சிறு பூச்சியான செள் முதல் எதிரி. கூடையில் செள் பிடித்தால் 15ஆம் நாள்கூடக் கோழி எழுந்து போய்விடும், முட்டை அத்தனையும் வீண். வைக்கோலைப் புதிதாகப் போட்டு, அடியில் சாம்பலும் வேப்பிலை அல்லது நொச்சி இலையும் வைப்பது வீண் சடங்கு அல்ல. இரண்டாவது, மற்ற கோழிகள் வந்து அதே கூடையில் முட்டையிடும். புது முட்டை கலந்தால் எது எப்போது பொரியும் என்றே தெரியாது. வைக்கும் அன்றே பென்சிலால் கோடு போட்டு, குறி இல்லாததைத் தினமும் எடுத்துவிட வேண்டும். மூன்றாவது பாம்பு, கீரி, பூனை. பஞ்சாரத்தை மேலே கவிழ்த்து வைப்பது இதற்காகத்தான், ஆனால் கோழி இறங்கும் நேரத்துக்குத் திறந்துவிட மறந்துவிடக் கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல், கோழி உங்கள் அவசரத்துக்கு அடையில் உட்காராது. தீபாவளிக்கு விற்கச் சேவல் வேண்டும் என்று கணக்குப் போட்டு வைக்க முடியாது. ஆறு கோழி ஆறு வெவ்வேறு நாளில் உட்கார்ந்தால் ஆறு வயதில் குஞ்சு கிடக்கும். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியை முதல் வாரத்தில் கண்ணில் சொட்டாக விட வேண்டும். மருந்துக் குப்பியோ 100 குஞ்சுக்கானது. கலக்கினால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஒன்பது குஞ்சுக்கு ஒரு குப்பியை உடைத்து மீதியைக் கொட்ட மனசு வராமல் பலர் தடுப்பூசியே போடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரு சித்திரை வைகாசியில் மொத்தமும் போகும்.

இன்னொன்று: எல்லாக் கோழியும் அடைக்கு வராது. வெள்ளை லெக்ஹார்ன் வழி வந்த முட்டைக்கோழி, வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய ரகங்கள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் மூடியேதான் இருக்கும், ஒரு நாட்டுக்கோழியைச் சேர்த்து வளர்த்தால் தவிர.

## தெர்மாகோல் பெட்டி

மீன் வரும் கெட்டியான தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ஃபேன், டபிள்யூ 1209 மாதிரி ஒரு தெர்மோஸ்டாட் போர்டு, அதற்கு ஒரு 12 வோல்ட் அடாப்டர், தண்ணீர்க் கிண்ணம், கம்பி வலை. எனக்கு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. ஏற்கெனவே கையில் சில சாமான் இருந்தால் இன்னும் குறையும். பல்பு இரண்டாக இருக்க வேண்டும், ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். எல்இடி பல்பு போதுமான சூடு தராது, பழைய இழை பல்புதான் வேண்டும். அதைத் தெர்மாகோலை ஒட்டி வைக்கக் கூடாது, உருகும். தகர டப்பா ஒன்றைச் சுற்றி வைப்பது நல்லது.

வேண்டிய சூடு 37.5 டிகிரி, பாரன்ஹீட்டில் 99.5. லேசாக உடம்பு சுடுகிறது என்போமே, ஏறக்குறைய அந்தச் சூடு. இது ஃபேன் உள்ள பெட்டிக்கு. ஃபேன் இல்லாவிட்டால் மேலும் கீழும் சூடு வேறுபடும், அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவு வைக்க வேண்டும். ஃபேன் விலை ரொம்பக் கம்மி, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. பெட்டியில் வரும் மலிவான மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிகூட மாறும், முட்டைக்கு ஒரு டிகிரி என்பது பெரிய வித்தியாசம். இதற்கு எல்லார் வீட்டிலும் ஒரு நல்ல கருவி இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். நமக்கு வேண்டிய சூட்டு எல்லையில் துல்லியமாகக் காட்டவே செய்யப்பட்டது. பெட்டியில் உள்ள ஓட்டை வழியாக முட்டை மட்டத்துக்கு நுழைத்துப் பாருங்கள், போர்டு எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், அந்தப் போர்டில் பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் உள்ள இடைவெளி வாங்கும்போது 2 டிகிரியில் இருக்கும். அதை 0.3, 0.5க்குக் குறைத்துக்கொள்ளாமல் முட்டை வைக்காதீர்கள்.

என் கதை இதுதான். முதல் ஈட்டில் 24 முட்டை, 13ஆம் நாள். இரவு எல்லாம் சரியாக இருந்தது. காலையில் பார்த்தால் 43 டிகிரி. போர்டில் பல்பை அணைத்து எரியவிடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டு பல்பு அணையவே இல்லை. ஒன்றும் மிஞ்சவில்லை. முட்டை குளிர்ச்சியை மணிக்கணக்கில் தாங்கும், அதிகச் சூட்டைத் தாங்காது. அன்றுமுதல் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை அதே வயரில் தொடராக, 38.5க்கு வைத்து மாட்டியிருக்கிறேன். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது அணைத்துவிடும். கூடுதல் செலவு சில நூறு ரூபாய். பெட்டி செய்து காட்டும் வீடியோக்களில் இதை அதிகம் பார்க்க முடியவில்லை.

இப்போது ஈரப்பதம். முதல் 18 நாள் 50 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதை எட்ட எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். வெளிக்காற்று சூடேறும்போது அதன் ஈரப்பதச் சதவீதம் இறங்கும். சென்னையில் 30 டிகிரியில் 75 சதவீத ஈரமுள்ள காற்று பெட்டிக்குள் போய் 37.5 ஆனால் ஏறக்குறைய 50 சதவீதம் ஆகிவிடும். அதாவது தண்ணீர்க் கிண்ணமே இல்லாமல் சரியாக இருக்கும். அங்கே கிண்ணம் நிறைய வைத்தால் முட்டை போதுமான அளவு உலராது, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை சிறுத்து, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். எங்கள் ஊர்க் கோடை மதியம் 37 டிகிரி, 30 சதவீதம் என்றால் பெட்டிக்குள்ளும் 30ஐ ஒட்டித்தான் நிற்கும். கிண்ணம் வைக்காவிட்டால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஓட்டையில் மூக்கை நீட்டிக்கொண்டே செத்துக் கிடக்கும். கடலூர்க்காரர் சொன்ன அளவைத் தருமபுரிக்காரர் அப்படியே வைத்தால் ஏன் பொரிவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஈரமானி சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. சமையல் உப்பைக் குழையும் அளவுக்கு நனைத்து ஒரு மூடியில் வைத்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் சில மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். இதைவிட நம்பகமானது தராசு. முட்டை வைக்கும் அன்றும் 18ஆம் நாளும் எடை போடுங்கள். 12, 13 சதவீதம் குறைந்திருந்தால் ஈரம் சரி. 30 முட்டை 1,200 கிராம் இருந்தால் 18ஆம் நாள் 1,050க்குப் பக்கம் வர வேண்டும்.

திருப்புவது உங்கள் வேலை. ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையாக வைத்தால் நீண்ட இரவில் முட்டை ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் கிடக்கும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொள்வது வழக்கம். 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

கரெண்ட் செலவு பயப்படும் அளவு இல்லை. 40 வாட் பல்பு இரண்டு, பாதிக்கும் குறைவான நேரம் எரிந்தால் 21 நாளுக்கு 15 முதல் 20 யூனிட். ஆனால் வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி இருந்தால் கவனம், அதைத் தாண்டினால் மொத்தக் கணக்கும் வேறு விகிதத்துக்குப் போய்விடும்.

பெட்டி யாருக்கு ஏற்றது? வீட்டில் பகலில் ஆள் உண்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், தோற்றாலும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் உண்டு என்பவருக்கு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு ஈடு வைத்துப் பார்க்க இதைவிட நல்லது கிடையாது. 230 வோல்ட் வயரும் தண்ணீர்க் கிண்ணமும் ஒரே பெட்டியில் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

## ஆட்டோமேட்டிக் இன்குபேட்டர்

நான் 48 முட்டை மெஷினுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன், கடைக்குக் கடை விலை மாறும். சூடு தானாக, திருப்புவது தானாக, 12 வோல்ட் பேட்டரி மாட்டும் வசதியோடு. வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இதுதான் நடைமுறை.

தானியங்கி என்பதை ரொம்ப நம்பிவிடாதீர்கள். என் மெஷினின் திரை 37.7 காட்டியது. முதல் ஈடு 21ஆம் நாள் முடிந்தும் அசைவில்லை, 23ஆம் நாள்தான் வந்தது, வந்ததில் பாதி சோர்ந்த குஞ்சு. காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் உள்ளே 36.8. விற்றவரிடம் கேட்டதற்கு "முட்டை பழசாக இருக்கும்" என்றார். தாமதமாகப் பொரிந்தால் சூடு குறைவு, முன்கூட்டியே பொரிந்து தொப்புள் ஆறாமல் இருந்தால் சூடு அதிகம். இந்த இரண்டு அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டால் யாரையும் கேட்கத் தேவையில்லை. மெஷின் வந்ததும் முட்டை இல்லாமல் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பேட்டரியைச் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். மெஷின் சராசரியாக 35 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி போய்விடும், எனவே 35, 40க்குக் குறைந்த பேட்டரி வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தச் செலவு இல்லை. இரண்டும் இல்லாதவர் கரெண்ட் போனால் கம்பளியால் போர்த்தலாம், மெஷின் தாக்குப்பிடிக்கும். ஆனால் கடைசி வாரம் காற்றோட்ட ஓட்டைகளை மூடக் கூடாது. வளர்ந்த குஞ்சுகள் தாமே சூடு உண்டாக்கும், அவற்றுக்கு அப்போது காற்றுதான் முக்கியம்.

இன்னொரு ஆசை, இடம் காலியாக இருக்கிறதே என்று தினமும் புது முட்டையைச் சேர்ப்பது. ஒன்று பொரியும் நேரத்தில் ஈரம் ஏற்ற வேண்டும், பத்தாம் நாள் முட்டைக்கு அது கூடாது. ஓர் ஈடு முடிந்து, தூவலும் ஓடும் போகக் கழுவி, கிருமிநாசினி போட்டுக் காயவைத்து அடுத்த ஈடு. கழுவாமல் தொடர்ந்து வைப்பவர்களுக்கு மூன்றாவது நான்காவது ஈட்டில் தொப்புள் வீங்கிய குஞ்சுகள் வரும், மெஷின் மேல் பழி போகும்.

பொரியும் நாளில் மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் மனுஷனுக்குப் பெரிய சோதனை. ஓட்டில் முதல் கீறல் விழுந்தபின் குஞ்சு முழுக்க வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். நடுவில் நீண்ட நேரம் சும்மா கிடக்கும், இளைப்பாறுகிறது. பாவமாக இருக்கிறதே என்று ஓட்டை உரித்தால் ரத்தம் வரும். மஞ்சள் கரு உள்ளே இழுபட்டிருப்பதால் பொரிந்த குஞ்சு ஒரு நாள் தீனி இல்லாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

இனிமேல்தான் உண்மையான செலவு. 40 குஞ்சு ஒரே நாளில் கையில். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டு வர வேண்டும். மார்கழியில் இது நாலு வாரம் பல்பு, சித்திரையில் பகலில் பல்பே வேண்டாம். தடுப்பு, தீவனத் தட்டு, தண்ணீர்க் குவளை, உமி, பூனை வராத அறை. தீவனம் எனக்கு இரண்டு மாதத்தில் 50 கிலோ மூட்டை ஒன்று முழுதாகப் போயிற்று. குஞ்சுகளில் பாதி சேவல். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, கறிக்கு விற்கும் வழி முன்பே தெரிந்திருக்க வேண்டும். அக்கம்பக்கம் நெருக்கமான வீடுகள் உள்ள இடத்தில் ஆறாவது மாதம் பத்துச் சேவல் ஒன்றாகக் கூவினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நன்மையும் உண்டு: எல்லாம் ஒரே வயது. தடுப்பூசிக் குப்பி வீணாகாது, விற்கும்போதும் ஒரே எடையில் நிற்கும்.

## கூலிக்குக் கொடுப்பதும், ஒரு நாள் குஞ்சு வாங்குவதும்

பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் முட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்து 21ஆம் நாள் குஞ்சாக வாங்கலாம். வருஷத்துக்கு ஒரே ஒருமுறை 50 குஞ்சு போதும் என்பவருக்கு இதுதான் மலிவு. பொரியாத முட்டைக்கும் கூலி உண்டா, பல ஊர் முட்டையை ஒன்றாக வைக்கிறார்களா, நம் முட்டைக்குத் தனித் தட்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுத்தபோது என் சிறுவிடைக் குஞ்சுகளோடு யாருடைய பெருவிடையோ இரண்டு சேர்ந்து வந்தன. நஷ்டம் இல்லை, ஆனால் இனம் காப்பவருக்கு அது பெரிய தலைவலி.

ஒரு நாள் குஞ்சாக வாங்கினால் பொரிப்புத் தொல்லையே இல்லை. நம்பகமான பண்ணையில் மாரெக் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியும் முதல் நாளே போட்டுத் தருவார்கள், வீட்டில் அது முடியாது. ஆனால் "நாட்டுக்கோழி" என்று விற்கப்படுவது எல்லாம் நாட்டுக்கோழி அல்ல.

## ஒரே பார்வையில்

| | அடைக்கோழி | தெர்மாகோல் பெட்டி | ஆட்டோமேட்டிக் | கூலிக்கு |
|---|---|---|---|---|
| முதல் செலவு | கூடையும் வைக்கோலும் | எனக்கு 1,500 ரூபாய்க்குள் | எனக்கு 7,000க்கு மேல், பேட்டரி தனி | இல்லை |
| ஓர் ஈட்டுக்கு | 10–12 முட்டை | 20–40 | 48 அல்லது மேல் | எவ்வளவும் |
| தினசரி வேலை | சில நிமிஷம் | 3–5 முறை திருப்புதல், தண்ணீர் | தண்ணீர், ஒரு பார்வை | இல்லை |
| கரெண்ட் போனால் | கவலை இல்லை | கஷ்டம் | பேட்டரி இருந்தால் சரி | அவர் பாடு |
| குஞ்சு வளர்ப்பு | கோழியே | நீங்கள் | நீங்கள் | நீங்கள் |
| கோழி மறுபடி முட்டைக்கு | சில மாதம் ஆகும் | சில வாரம் | சில வாரம் | சில வாரம் |
| மறைந்த செலவு | செள், பாம்பு, கலந்த வயது | ஒரு ஈடாவது கெடும் | தவறான திரை, 40 குஞ்சுக்கு இடம் | இனக் கலப்பு |

## எதில் வைத்தாலும் முட்டை சரியில்லாவிட்டால்

கடையில் வாங்கும் நாமக்கல் முட்டையை வைத்துப் பார்த்தேன், பொரியவில்லை என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது, அது பொரியாது. வீட்டில் எட்டு முதல் பத்துப் பேட்டுக்கு ஒரு நல்ல சேவல் போதும்.

முட்டையைக் கழுவக் கூடாது, அழுக்கானதை வைக்கவே கூடாது. ஏழு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்க்கும் இடம்தான் நம் ஊரில் சிக்கல். 15 முதல் 18 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள், நம் வீட்டில் கோடையில் 35 இருக்கும். அந்தச் சூட்டில் கரு பாதியாக வளரத் தொடங்கிப் பலவீனமாகும். ஃப்ரிட்ஜ் வேறு பக்கம் அதிகக் குளிர். மண்பானையை ஈரமணலில் புதைத்து, உள்ளே கூர்முனை கீழாக முட்டையை அடுக்கி, ஈரத்துணி மூடி நிழலில் வைப்பது எனக்கு ஓரளவு கைகொடுத்தது. கோடையில் நாலைந்து நாளுக்கு மேல் அதையும் நம்புவதில்லை.

ஏழாம் நாள் இருட்டில் போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உண்டு. வெறும் மஞ்சள் வெளிச்சம் என்றால் கரு இல்லை. ஒரு ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. கூமுட்டையை உள்ளேயே விட்டால் ஒரு நாள் வெடிக்கும், அந்த நாற்றம் ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகாது.

## யாருக்கு எது

மொட்டை மாடியிலோ கொல்லையிலோ நாலைந்து நாட்டுக்கோழி, வருஷத்துக்கு இருபது குஞ்சு போதும் என்றால் மெஷின் வேண்டவே வேண்டாம். அடைக்கோழியும் ஒரு நல்ல பஞ்சாரமும் போதும்.

அடைக்கு வராத ரகம் வைத்திருக்கிறீர்கள், ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பொரிப்பு என்றால் கூலிக்குக் கொடுங்கள். கூலிக்கு ஆள் அருகில் இல்லை, வீட்டில் ஆள் உண்டு என்றால் பெட்டி.

பத்துப் பேட்டுக்கு மேல், குஞ்சோ சேவலோ விற்கும் எண்ணமும் உண்டு என்றால் ஆட்டோமேட்டிக். ஆனால் குஞ்சு அறையை முதலில் கட்டுங்கள், அப்புறம் மெஷினை வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்து, முதல் ஈட்டுக் குஞ்சுகளைப் படுக்கையறைக் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் வளர்த்தேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இப்போது நான் செய்வது இரண்டையும் கலந்த வழி. மெஷினில் முட்டை வைக்கும் வாரத்திலேயே அடைக்கு உட்கார்ந்த கோழி ஒன்றிரண்டைத் தெளிய வைக்காமல் நாலைந்து முட்டையோடு விட்டுவிடுவேன். மற்றவை முட்டைக்குத் திரும்பிவிடும். மெஷினில் குஞ்சு வந்ததும், ஒரு நாள் உலரவிட்டு, இரவு நன்றாக இருட்டியபின் கோழியின் இறக்கைக்கடியில் இரண்டிரண்டாகத் தள்ளி, அதனிடம் இருந்த ஓடுகளை எடுத்துவிடுவேன். கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும், குஞ்சுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஒரு கோழி கோடையில் 15 குஞ்சுவரை அணைத்துக்கொள்கிறது. மிச்சம் உள்ளவை மட்டும் பல்புக்கடியில்.

விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பார்க்க வேண்டும். கோழி கெக்கெக் என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டு, குருணையைக் கொத்திக் கீழே போட்டுக் காட்டினால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஏதாவது ஒரு குஞ்சைத் தலையில் கொத்தினால் அதை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த இரவு இன்னொரு கோழியிடம் முயன்று பார்க்கலாம்.